கல்லூரி நலச் சேவைகளை அறிமுகப்படுத்தும் விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் ஆசிரியர். நாட்டு நலப்பணித் திட்ட அலகு ஒன்றின் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. மருத்துவ அறை, ஆலோசகர் அறை, புகார்க் குழுக்கள், உதவித்தொகைப் பிரிவு ஆகியவற்றை முதலாண்டு மாணவர்களுக்குப் பழக்கப்படுத்துவதற்காக ஒரு சீட்டு விளையாட்டையும், அதைத் தொடர்ந்து மாணவர்கள் ஒவ்வோர் அறையாகத் தேடிப் போய் அட்டையில் ஸ்டாம்ப் வாங்கிவரும் ஒரு வளாகத் தேடலையும் நடத்தி வருகிறோம். அதைக் கேள்விப்பட்டு அழைக்கும் மற்றக் கல்லூரி ஆசிரியர்கள், மாணவத் தன்னார்வலர்கள், முதல்வர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

இதற்கு எதற்கு விளையாட்டு? அரங்கத்தில் கூட்டிவைத்து ஒரு மணி நேரம் சொல்லிவிட்டால் போதாதா?

எல்லாக் கல்லூரிகளும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுக நிகழ்ச்சி நடத்தவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019-இல் வழிகாட்டி நூலே வெளியிட்டது. பொறியியல் கல்லூரிகளுக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ மூன்று வார நிகழ்ச்சியை வகுத்திருக்கிறது. நடைமுறையில் அது எப்படி முடிகிறது என்பது நமக்குத் தெரியும். மேடையில் வரிசையாக ஒருங்கிணைப்பாளர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் தம் குழுவின் பெயரைச் சொல்லி, ‘எப்போது வேண்டுமானாலும் என்னை அணுகலாம்’ என்று முடிப்பார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எந்த முகத்துக்கு எந்தக் குழு என்பது மாணவர்களுக்குக் குழம்பிவிடும்.

ஒரு மாணவிக்குத் தெரியவேண்டியவை நான்குதான். எந்தக் கதவு, எத்தனை மணி வரை, உள்ளே யார் இருப்பார், நான் சொன்னது எங்கே போகும். இவற்றைவிட முக்கியமானது, எந்தப் பிரச்சினையும் இல்லாத நாளில் அந்தக் கதவை ஒருமுறை தாண்டியிருப்பது. காய்ச்சலோ பயமோ அவமானமோ இருக்கும் நாளில், போயிராத ஓர் அறையைத் தேடிப் போக யாருக்கும் கால் வராது. மேடைப் பேச்சால் அந்தக் கதவைத் தாண்டவைக்க முடியாது. விளையாட்டால் முடியும், அதற்காகத்தான் விளையாட்டு.

நலச் சேவைகள் என்றால் கவுன்சலிங் மட்டும்தானே? வேறு எதையெல்லாம் சேர்க்கவேண்டும்?

கவுன்சலிங்கை மட்டும் வைத்தால் விளையாட்டே ‘மனநல விழிப்புணர்வு முகாம்’ என்ற முத்திரையோடு தொடங்கும், பாதிப் பேர் கை கட்டி உட்கார்ந்துவிடுவார்கள். மாணவர்களின் தொல்லைகள் துறை வாரியாகப் பிரிந்து வருவதில்லை. தூக்கம் வராததற்குக் காரணம் விடுதிக் கட்டணமாக இருக்கும். வயிற்றுவலிக்குக் காரணம் மெஸ்ஸைத் தவிர்த்துப் பட்டினி கிடப்பதாக இருக்கும்.

எங்கள் பட்டியலில் மருத்துவ அறை, ஆலோசகர், வகுப்பு டியூட்டர், விடுதிக் காப்பாளர், ராகிங் தடுப்புக் குழு, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும், பலரும் இன்னும் விசாகா கமிட்டி என்றே சொல்லும் உள்ளகப் புகார்க் குழு, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சம வாய்ப்பு மையம், உதவித்தொகைப் பிரிவு, உடற்கல்வித் துறை ஆகியவை இருக்கின்றன. வளாகத்துக்கு வெளியே உள்ள கதவுகளுக்குத் தனியாக ஒரு சீட்டு. அதில் 108 ஆம்புலன்ஸ், மனநல உதவிக்கான 14416, பெண்களுக்கான 181, இணையவழி மோசடிக்கான 1930, ராகிங் புகாருக்கான 1800-180-5522 ஆகியவை இருக்கும். உடற்கல்வித் துறையைச் சேர்த்ததற்குச் சிலர் சிரித்தார்கள். மாலையில் கைப்பந்து ஆட ஓர் இடம் இருக்கிறது என்பது தெரியாமலேயே மூன்றாண்டுகளைக் கழிக்கும் மாணவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு.

சரி, விளையாட்டு எப்படி நடக்கும்? ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்.

ஐந்து ஐந்து பேராக உட்காரவையுங்கள். குழுவை மாணவர்களே பிரித்துக்கொள்ள விடாதீர்கள். விட்டால் ஒரே பள்ளி, ஒரே ஊர், ஒரே தெரு என்று சேர்ந்துகொள்வார்கள், அந்தக் குழுவில் யாரும் தன் மனத்தில் இருப்பதைச் சொல்லமாட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். ஒவ்வொரு மேசைக்கும் மூன்று கட்டுகள். முதலாவது சூழல் சீட்டு, அதாவது ஒரு மாணவருக்கு நேரும் சிக்கல். இரண்டாவது கதவுச் சீட்டு, மேலே சொன்ன சேவைகள். இதில் மட்டும் ஆளுக்கு ஒரு முழு வரிசை. மூன்றாவது தடைச் சீட்டு.

ஒருவர் சூழல் சீட்டைச் சத்தமாக வாசிப்பார். எல்லோரும் தாம் தட்டப்போகும் கதவைத் தேர்ந்து சீட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒரே நேரத்தில் திருப்புவார்கள். இங்கேதான் வாக்குவாதம் தொடங்கும். பேசி ஒரு கதவுக்கு உடன்பட்டதும் தடைச் சீட்டு ஒன்றை எடுக்கவேண்டும். ‘இன்று சனிக்கிழமை.’ ‘ஆலோசகர் விடுப்பில் இருக்கிறார்.’ ‘கைபேசியில் சார்ஜ் இல்லை.’ ‘அந்தக் குழுவில் இருப்பவர் உன் துறை ஆசிரியர்.’ ‘வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று அவள் சொல்கிறாள்.’ இப்போது இரண்டாவது கதவைக் கண்டுபிடிக்கவேண்டும். முதல் கதவுக்கு மதிப்பெண் கிடையாது, இரண்டாவதுக்கு மட்டும்தான்.

இந்த விதியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ‘மன அழுத்தமா, ஆலோசகரிடம் போ’ என்று சரியான விடை சொல்ல ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நிஜத்தில் மாணவர்கள் கைவிட்டுத் திரும்புவது முதல் கதவு பூட்டியிருக்கும்போதுதான்.

ஒரு சீட்டை மாதிரிக்குக் காட்டமுடியுமா?

எங்கள் கட்டில் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த ஒன்று இது. ‘ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணி. அறைத்தோழிக்கு மாலையிலிருந்து காய்ச்சல், போர்வைக்குள் நடுங்குகிறாள். காப்பாளர் ஊருக்குப் போயிருக்கிறார். இரவு ஏழு மணிக்கு மேல் விடுதிக் கதவு திறக்காது என்று விதி இருக்கிறது.’ பெரும்பாலோர் மருத்துவ அறைச் சீட்டை வைப்பார்கள். அதைத் திருப்பினால் பின்பக்கத்தில் இப்படி இருக்கும்: ‘திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 5 மணி வரை. செவிலியர் தினமும், மருத்துவர் செவ்வாய், வெள்ளி 11 மணிக்கு. கட்டணம் இல்லை. அடையாள அட்டை போதும். பதிவேட்டில் பெயர் எழுதுவார்கள்; துறைக்குத் தகவல் போகாது.’ ஞாயிறு இரவுக்கு இது உதவாது. அப்போதுதான் ‘துணைக் காப்பாளர் யார்? அவர் எண் யாரிடம் இருக்கிறது? 108-ஐ மாணவியே அழைக்கலாமா?’ என்ற கேள்விகள் மேசையில் விழும். அழைக்கலாம், யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

பையன்கள் மேசையில் அதிகம் பேசவைப்பது கடன் செயலிச் சீட்டு. ‘நண்பன் கைபேசிச் செயலி ஒன்றில் மூவாயிரம் ரூபாய் கடன் வாங்கினான். இப்போது அவனுடைய படத்தை ஆபாசமாக மாற்றி, தொடர்புப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அனுப்புவோம் என்று மிரட்டுகிறார்கள்.’ இதற்கு 1930 ஒரு கதவு, டியூட்டர் ஒரு கதவு, ஆலோசகர் ஒரு கதவு, தகப்பனாரும் ஒரு கதவுதான். எதை முதலில் தட்டுவது என்பதில் ஒரே மேசையில் ஐந்து கருத்து இருக்கும். ஆசிரியர் குறுக்கே போய்த் தீர்ப்புச் சொல்லவேண்டாம்.

பரமபதம் மாதிரி ஒரு பலகை செய்தால் எல்லோருக்கும் எளிதாகப் புரியுமே?

இந்த யோசனை தவறாமல் வரும். பரமபதம் எனக்கும் பிடிக்கும்; வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்து ஆடிய வீடுகளில் ஒன்றில்தான் வளர்ந்தேன். ஆனால் அந்த ஆட்டத்தில் ஆடுபவர் எந்த முடிவும் எடுப்பதில்லை. தாயக்கட்டை சொல்கிறது, காய் நகர்கிறது. புண்ணியம் ஏணி, பாவம் பாம்பு, நடுவே விதி என்ற தத்துவத்துக்குப் பொருத்தமான அமைப்பு அது. உதவி கேட்கப் பழக்குவதற்கு ஒத்துவராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏணியும் பாம்பும் வரைய உட்கார்ந்தவுடன் நம் கை உபதேசத்துக்குப் போய்விடும். ‘அதிகாலையில் எழுந்தாய்: ஏணி. கைபேசி பார்த்தாய்: பாம்பு.’ நான் பார்த்த ஒரு பலகையில் ‘மனச்சோர்வு’ என்பதே பாம்பாக இருந்தது. காய்ச்சல் வந்தவனைக் குற்றவாளி ஆக்குவதற்கு இது சமம். பலகை வேண்டும் என்று மாணவர்கள் விரும்பினால் வளாக வரைபடத்தையே பலகையாக்குங்கள். நுழைவாயில், கேண்டீன், நூலகம், விடுதி என்று இடங்களைக் குறித்து, சூழல் சீட்டுக்கு விடையாகக் காயை எங்கே நகர்த்துவது என்பதை ஆடுபவரே முடிவு செய்யட்டும்.

இந்தக் காலத்தில் சீட்டுக்கட்டா? கைபேசிச் செயலியாகவோ க்யூஆர் குறியீடாகவோ செய்யக்கூடாதா?

செய்யலாம். கணினி அறிவியல் மாணவர்கள் ஆர்வமாக வந்தால் ட்வைன் என்ற இலவச மென்பொருளைக் காட்டுங்கள். கிறிஸ் கிளிமாஸ் 2009-இல் வெளியிட்ட கருவி அது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் ‘இதைத் தேர்ந்தால் அங்கே போ’ என்ற வகைக் கிளைக்கதைகளை அதில் எழுதலாம். தமிழ் யுனிகோடில் தட்டச்சு செய்யலாம். முடிவில் உலாவியில் திறக்கும் ஒற்றைக் கோப்பாகக் கிடைக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். தனியாக இருந்து ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, குறிப்பாகக் கூச்சம் மிகுந்தவர்களுக்கு, இது நல்லது.

ஆனால் வளாகத் தேடலுக்கு க்யூஆர் குறியீட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒருவன் எல்லாக் குறியீடுகளையும் படம் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிடுவான். மீதிப் பேர் கேண்டீனில் உட்கார்ந்தபடியே தேடலை முடித்துவிடுவார்கள். நாங்கள் பழைய ரப்பர் ஸ்டாம்பையே பயன்படுத்துகிறோம். ஒவ்வோர் அறையிலும் ஒரு ஸ்டாம்ப். அந்த அறைக்குரியவர் தம் பெயரையும் நேரத்தையும் சொல்லி, மாணவரின் அட்டையில் தம் கையாலேயே குத்திக் கொடுக்கவேண்டும். முகம் பார்த்துப் பேசும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

கவுன்சலர் அறைக்கு எல்லோரையும் வரிசையாக அனுப்புவது சரியா? உள்ளே யாராவது அழுதுகொண்டிருந்தால்?

தேடல் நடக்கும் நேரத்தில் ஆலோசகர் யாருக்கும் நேரம் ஒதுக்கியிருக்கக்கூடாது. தேதியை அவரைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும், அவரிடம் அறிவிப்பாகச் சொல்லக்கூடாது. அவசரமாக யாராவது வந்துவிட்டால் பக்கத்து அறையில் ஸ்டாம்பை வைத்துக்கொள்ளலாம்.

எல்லோரையும் அனுப்புவதில்தான் பயனே இருக்கிறது. அந்தத் தாழ்வாரத்தில் ஒரு மாணவி மட்டும் நின்றால் அது அன்று மாலைக்குள் வகுப்புக்கே செய்தியாகிவிடும். அறுபது பேரும் அங்கே போய்வந்தவர்கள் என்றால் பிறகு ஒருத்தி போவதை யாரும் அவ்வளவாகக் கவனிக்கமாட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை, உள்ளே போனவர்களிடம் ‘உங்களுக்கு ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?’ என்று அன்று யாரும் கேட்கக்கூடாது.

எப்போது நடத்துவது? எவ்வளவு செலவாகும்?

முதல் நாள் வேண்டாம். அன்று அவர்கள் பஸ் பாஸ், அடையாள அட்டை, வகுப்பறை எண் என்று அலைந்துகொண்டிருப்பார்கள். மூன்றாவது, நான்காவது வாரம் சரியாக இருக்கும். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்தபின் சீட்டு விளையாட்டை மட்டும் மீண்டும் ஒருமுறை நடத்தினால் நல்லது. மதிப்பெண் பார்த்த பிறகு அவர்கள் சீட்டுகளை வாசிக்கும் தொனியே மாறியிருக்கும். செலவு பெரிதில்லை. தடித்த தாளில் அச்சடித்து வெட்டினால் போதும், லேமினேஷன் செய்தால் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும்.

சுழற்சி (ஷிஃப்ட்) முறை உள்ள கல்லூரிகளுக்கு ஒரு சொல். இரண்டாம் சுழற்சி மாணவர்களுக்குத் தனியாக நடத்துங்கள், அவர்கள் நேரத்தில் நடத்துங்கள். பல இடங்களில் மதியத்துக்குப் பிறகு பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும். அது தெரியவருவதும் உங்களுக்கு லாபம்தான்.

பையன்கள் கேலி செய்து சிரிக்கிறார்கள், சார். சீரியஸாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

சிரிக்கட்டும். முன்பின் தெரியாத நால்வர் முன்னால் ‘நான் யாரிடம் போய்ச் சொல்வேன்’ என்று யோசிக்கச் சொன்னால் பதினெட்டு வயதில் சிரிப்புத்தான் வரும். அடக்கினால் பேச்சும் சேர்ந்து அடங்கிவிடும். இரண்டு விதி போதும். சூழல் சீட்டில் உள்ளவரைப் போல யாரும் நடித்துக் காட்டக்கூடாது. மேசையில் இருக்கும் யாரையும் சுட்டி ‘இது இவன் கதை’ என்று சொல்லக்கூடாது. மற்றபடி, எடுத்த எடுப்பில் கனமான சீட்டுகளை வைக்காமல் பல்வலி, தொலைந்த அடையாள அட்டை, வராத உதவித்தொகை என்று தொடங்குங்கள்.

‘கவுன்சலரிடம் சொல்வது வெளியே போகவே போகாது’ என்று சீட்டில் அச்சிடலாமா?

அப்படி அச்சிட்டால் அது பொய் வாக்குறுதி. மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவல் ரகசியமாக வைக்கப்படவேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. ஆலோசகர்களும் தொழில்நெறியாக அதைக் காக்கிறார்கள். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஆலோசகர் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பலர் யோசிக்காதது இன்னொன்று. முதலாண்டு மாணவர்களில் கணிசமானோருக்குப் பதினேழு வயதுதான். பதினெட்டு வயது நிரம்பாதவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால் போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்கவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். ஆலோசகருக்கும் ஆசிரியருக்கும் இது பொருந்தும். ஆகவே எங்கள் சீட்டின் வாசகம் இது: ‘நீ சொல்வது உன் துறைக்கோ வீட்டுக்கோ போகாது. உயிருக்கு ஆபத்து என்றாலும், பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தாலும் மட்டும் இன்னொருவரிடம் சொல்லவேண்டியிருக்கும்; அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார்.’ இந்தக் கடைசிப் பகுதியை அச்சிடும் முன் உங்கள் ஆலோசகர் அதற்கு ஒப்புக்கொள்ளவேண்டும்.

தற்கொலை எண்ணம் பற்றிய சீட்டு வைக்கலாமா? அது விபரீதத்தில் முடியாதா?

வைக்கலாம், ஆனால் நண்பரின் இடத்தில் நின்று மட்டும். ‘அறைத்தோழன் தன் கைக்கடிகாரத்தை உனக்குக் கொடுத்துவிட்டு, நான் இல்லாமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்கிறான். நீ என்ன செய்வாய்?’ முறை, இடம், கடிதம் எதுவும் சீட்டில் வரக்கூடாது. நடந்த சம்பவத்தின் சாயலும் வரக்கூடாது. நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்பது பேச வழி திறக்கிறது. ஆகவே மேசையில் பயிற்சி பெறவேண்டியவை நேரடியாகக் கேட்பது, தனியே விடாமல் கூட இருப்பது, பொறுப்பான பெரியவர் ஒருவரிடம் கூட்டிப்போவது ஆகிய மூன்றும்தான். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லவேண்டும் என்பது தடைச் சீட்டாகவே இருக்கட்டும்.

‘சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்ற பயம் மாணவர்களிடம் இன்னும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி, மாறாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக்கூடாது. கதவுச் சீட்டின் பின்பக்கத்தில் 14416 இருக்கட்டும். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் அது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது, இரவும் பகலும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986-இலிருந்து செயல்படும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. இந்தச் சீட்டு வரும் சுற்றில் ஆலோசகர் அந்த அறையிலேயே இருக்கவேண்டும். அவர் வர இயலாத நாளில் இந்தச் சீட்டைக் கட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எங்கள் கல்லூரியில் ‘கவுன்சலிங் அறை’ என்று பலகை இருக்கிறது. உள்ளே பழைய விடைத்தாள் கட்டுகள்தான் இருக்கின்றன. நாங்கள் என்ன செய்வது?

முதலில், திறக்காத கதவை விளையாட்டில் வைக்காதீர்கள். ஸ்டாம்புக்காகப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பும் மாணவி மற்றக் கதவுகளையும் நம்பமாட்டாள். அந்தச் சீட்டின் இடத்தில் வெளிச் சேவைகளை வையுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். அது எந்தக் கட்டடத்தில், புறநோயாளிச் சீட்டு எந்த நேரத்தில், கல்லூரி வாசலிலிருந்து எந்த பஸ் என்பதை ஒரு தன்னார்வலரை நேரில் அனுப்பி அறிந்து எழுதுங்கள்.

இரண்டாவதாக, முதல்வரிடம் பேசுவதற்கு உங்கள் கையில் ஓர் ஆதாரம் இருக்கிறது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்தவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறைகளை வகுத்தது. ‘விளையாட்டுக்குச் சீட்டு எழுதுகிறோம், இந்த அறையின் நேரம் என்ன என்று சொல்லுங்கள்’ என்று மாணவர்கள் அலுவலகத்தில் போய்க் கேட்பது ஒரு கோரிக்கை மனுவைவிட வேகமாக வேலை செய்யும்.

எங்கள் கவுன்சலர் ஆங்கிலத் துறை ஆசிரியர்தான். அவரே இன்டர்னல் மதிப்பெண்ணும் போடுகிறார். மாணவர்கள் நம்புவார்களா?

அவருடைய வகுப்பு மாணவர்கள் நம்பமாட்டார்கள், நம்பாதது நியாயமும்கூட. இதை மூடி மறைக்காமல் விளையாட்டுக்குள் கொண்டுவாருங்கள். ‘அந்தக் குழுவில் இருப்பவர் உன் துறை ஆசிரியர்’ என்று ஒரு தடைச் சீட்டை மேலே சொன்னேனே, அது இதற்காகத்தான். அந்த ஆசிரியரே தேடல் நாளன்று, ‘என் வகுப்பில் இருப்பவர்கள் என்னிடம்தான் வரவேண்டும் என்றில்லை, இன்னாரிடமும் போகலாம்’ என்று சொல்லி ஸ்டாம்ப் குத்தினால் மதிப்பு கூடும்.

ராகிங், பாலியல் புகார் எல்லாவற்றையும் சேர்த்தால் புகார்கள் அதிகமாகும், கல்லூரிப் பெயர் கெடும் என்கிறார் எங்கள் முதல்வர். அவருக்கு என்ன பதில் சொல்வது?

புகார்கள் கூடலாம். ஏற்கனவே நடந்துகொண்டிருப்பது அவர் மேசைக்கு வருகிறது என்பதுதான் அதன் பொருள். சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு 1996-இல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-இல் வந்தது. யுஜிசியின் 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி, குற்றம் நடந்ததாகத் தகவல் கிடைத்தால் நிறுவனத் தலைவர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் பதிய நடவடிக்கை எடுக்கவேண்டும். தகவல் தாமதமாக வந்தால் சிக்கல் முதல்வருக்குத்தான்.

பாலியல் தொல்லைப் புகார்களுக்கு யுஜிசியின் 2015-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும், விசாரணை 90 நாளில் முடியவேண்டும், பெயர்கள் வெளியே வரக்கூடாது. குழுவில் மாணவப் பிரதிநிதிகளும் வெளியாள் ஒருவரும் இருக்கவேண்டும். இவற்றில் மூன்று மாதக் கெடுவைக் கட்டாயம் சீட்டில் அச்சிடுங்கள். தெரியாததால் கெடுவைத் தவறவிட்ட மாணவிகள் இருக்கிறார்கள்.

விளையாட்டு முடிந்ததும் கூகுள் படிவத்தில் ஒவ்வொருவரின் மனநிலையையும் கேட்டு வாங்கிவிடலாமா? கல்லூரிகளைத் தரமதிப்பிட வரும் நாக் குழுவுக்கும் காட்டலாமே?

வேண்டாம். பெயரும் பதிவெண்ணும் போட்டு ‘கடந்த இரு வாரங்களில் சோர்வாக உணர்ந்தீர்களா?’ என்று கேட்டால், அந்தப் படிவத்தைத் திறக்கக்கூடிய ஒவ்வொருவரும் ஒரு கசிவு வழி. 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரைச் சிறார் என்கிறது. அவர்களுடைய தகவலைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். மேலே சொன்ன பதினேழு வயதுச் சிக்கல் இங்கேயும் வருகிறது. அதைவிட எளிய கேள்வி ஒன்று உண்டு. பத்துப் பேர் ‘மிகவும் சோர்வு’ என்று குறித்தால் அன்று மாலையே அவர்களைச் சந்திக்க ஆள் இருக்கிறதா? இல்லையென்றால் கேட்காதீர்கள்.

நாக் குழுவுக்கு இடக்குறியிட்ட படம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும், மாணவர் ஆதரவு பற்றிய ஐந்தாம் அளவுகோலுக்கு அது உதவும். மேசையைச் சுற்றிச் சீட்டாடும் படத்தை எடுங்கள். ஆலோசகர் அறை வாசலில் வரிசை நிற்பதைப் படம் எடுக்காதீர்கள்.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு மாதம் கழித்துப் பெயர் எழுதாத சிறு தாள் ஒன்றைக் கொடுங்கள். மருத்துவ அறை எங்கே, எத்தனை மணி வரை, ஆலோசகரின் பெயர் என்ன, ராகிங் புகாரை யாரிடம் தருவது, இரவில் யாரை அழைப்பது. இதே தாளை விளையாட்டுக்கு முன்பும் கொடுத்திருந்தால் வேறுபாடு தெரியும். ஆலோசகரிடம் வருவோர் எண்ணிக்கை கூடியதா என்று மட்டும் அவரைக் கேளுங்கள். யார் யார் என்று கேட்காதீர்கள். நல்ல ஆலோசகர் என்றால் சொல்லவும் மாட்டார்.

ஒருமுறை அச்சடித்த சீட்டையே ஆண்டுதோறும் பயன்படுத்தலாமா?

சூழல் சீட்டுகளில் பாதியைப் பயன்படுத்தலாம். மீதியை இரண்டாம் ஆண்டு மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். கடன் செயலிச் சீட்டு அப்படி வந்ததுதான். எங்கள் ஆசிரியர்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்காது. அவர்கள் எழுதித் தருவதில் உண்மைச் சம்பவம் இருந்தால் துறை, ஊர், பாலினம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். சிறிய ஊர்க் கல்லூரிகளில் ‘தாத்தா வீட்டிலிருந்து வரும் வேதியியல் மாணவி’ என்றாலே யார் என்று தெரிந்துவிடும்.

கதவுச் சீட்டுகளை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அச்சிடவேண்டும். மருத்துவர் வரும் நாள் மாறியிருக்கும், குழுத் தலைவர் பணி மாறிப் போயிருப்பார், காப்பாளரின் எண் வேறொருவரிடம் போயிருக்கும். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தன்னார்வலரைப் பட்டியலோடு உட்காரவைத்து, வளாகத்து எண்கள் ஒவ்வொன்றையும் அழைக்கச் சொல்லுங்கள். பகலில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை. யாரும் எடுக்காத எண்ணைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, அந்த இடத்தில் யார் எண்ணைப் போடுவது என்று முதல்வரிடம் கேளுங்கள்.